தண்ணீர் கேட்கப் போன ஜீப்

வாரிஜாவுக்கு வாய் பெரியது. தகரக் கூரையில் மலைநாட்டு மழை கொட்டும்போதும் அவள் குரல் போலீஸ் கட்டுப்பாட்டு அறையைத் தாண்டி டீக்கடை வரை கேட்கும். பாம்பு கடித்தது, ரோட்டில் மரம் விழுந்தது, குடிகாரன் நிலாவைக் காணோம் என்று அழுதது, எங்கள் மாவட்டத்தின் எல்லா அவசரமும் வருடக்கணக்காக அவள் காது வழியாகத்தான் போயிற்று. அப்படிப்பட்டவள் ஒரே ஒரு அழைப்புக்கு மட்டும் வாயே திறக்க மாட்டாள்.

அதை மூச்சுக்காரியின் அழைப்பு என்பார்கள். முதல் தடவை மட்டும் அந்தப் பெண் பேசினாள். “பாலம் தாண்டி முதல் பாக்குத் தோட்டம்ங்க. வீட்டுக்காரர் அடிக்கிறார். தயவுசெஞ்சு திரும்பக் கூப்பிட்டுடாதீங்க. என்கிட்ட போன் இருக்குன்னு தெரிஞ்சா கொன்னே போட்டுடுவார்.” அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வெறும் மூச்சு. வைத்த கையோடு அந்தப் பெண் போனை அணைத்துப் பாக்கு மூட்டைக்குள் சொருகிவிடுவாள்.

வாரிஜா உடனே வயர்லெஸ்ஸில் ரோந்து ஏட்டு உக்ரப்பாவைப் பிடிப்பாள். “அண்ணா, தாகமா இருக்கா?”

“நாக்கு வறண்டு கிடக்குது தாயி!”

ஜீப் அந்த வீட்டு வாசலில் நிற்கும். வாசலுக்கு வந்தவனுக்குத் தண்ணீரும் வெல்லமும் கொடுக்காத வீடு எங்கள் பக்கத்தில் உண்டா? அடித்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அந்தப் படுபாவி பல்லை இளித்தபடி நாற்காலி போடுவான். அவள்தான் செம்பைக் கொண்டு வருவாள். அதை அவள் கையால் வாங்கிய பிறகுதான் உக்ரப்பாவுக்கு மூச்சு வரும். அவன் சூடு தணியும் வரை பாக்கு விலையைப் பேசிவிட்டு எழுந்து வருவார். புகார் கொடுக்கச் சொல்லி ஜாடை காட்டியபோது அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

இந்த வருடம் புது ஏற்பாடு வந்தது. சுவர் நிறையத் திரை. பெங்களூரிலிருந்து வந்த நிஷ்சல் கற்றுக்கொடுத்தான். “கட் ஆன போன் காலை இனிமே சிஸ்டமே உடனே திரும்பக் கூப்பிடும் மேடம். ஒண்ணுகூடத் தவறாது.”

நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. பள்ளத்தில் விழுந்து கிடப்பவனுக்கு அது தெய்வம். வாரிஜா மட்டும் நிஷ்சலை விடவில்லை.

“அடிக்கிறவன் கையில போன் மாட்டினா? ஒரு நம்பரை மட்டும் விட்டுட முடியாதா தம்பி?”

“மேல எழுதிக் கேக்கணும் மேடம்.”

எழுதினாள். பதில் இல்லை. “வாரிஜக்காவுக்கு மெஷினைக் கண்டாலே பயம்,” என்று இன்ஸ்பெக்டர் கிண்டலடித்தார். அன்றிலிருந்து, எந்த மணி அடித்தாலும் அவளுக்குத் திக்கென்றது.

ஆடி மழை பிடித்த ஒரு மத்தியானம் அது வந்தது. மூச்சு. பிறகு துண்டிப்பு. வாரிஜா வயர்லெஸ்ஸை எடுப்பதற்குள் திரையில் எழுத்து ஓடியது: திரும்ப அழைக்கப்படுகிறது.

“ஐயோ, நிறுத்து! நிறுத்துடா!” மெஷினிடம் கத்தி என்ன பயன்? நிறுத்தப் பொத்தான் இல்லை. போனை அணைக்கக்கூட அந்தப் பெண்ணுக்கு அவகாசம் இருந்திருக்காது. மணி போய்க்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள்.

“யாரு?” ஆண் குரல்.

வாரிஜா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். “கேஸ் ஏஜென்சிலேருந்து... சிலிண்டர்...”

“எங்க வீட்ல விறகு அடுப்புதான்மா.” குரலில் கோபமே இல்லை. “அது கிடக்கட்டும். இந்த போன் யாரோடது?”

வைத்துவிட்டான். திரையில் அந்த வரி பச்சையாகியது: தொடர்பு கிடைத்தது, அழைப்பு முடிந்தது.

“உக்ரப்பாண்ணா! தாகம்! பறந்து போங்க!”

வயர்லெஸ் இரைந்துகொண்டே இருந்தது. வாரிஜா தனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி முடித்தாள். கடைசியில் உக்ரப்பாவின் குரல் தாழ்ந்து வந்தது.

“வாசல்ல நிக்கறேன் தாயி. தண்ணி வந்துச்சு, வெல்லமும் வந்துச்சு.”

“யார் கொண்டு வந்தா?”

“அவரேதான். சம்சாரம் அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்களாம்.”

வாரிஜா எழுந்து நின்றாள். “குடிக்காதீங்க அண்ணா. இப்பத்தானே அங்கேருந்து அவ கூப்பிட்டா! செம்பைக் கீழ வெச்சுட்டு உள்ள போங்க. அவனைக் கேக்காதீங்க, போங்க!”