மூக்கால் பார்த்த கிணறு

போன வாரம் மகளோடும் பேரக்குழந்தையோடும் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் தங்கினேன். மகள் நீச்சல் குளத்தருகே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். “க்ளோரின் வாசனை தூக்குதுப்பா... தண்ணி சுத்தமாத்தான் இருக்கு. குழந்தையை இறக்கட்டுமா?”

“இரு” என்றேன். ஊழியரைக் கூப்பிட்டு, டெஸ்ட் செய்து காட்டச் சொன்னேன். மகளுக்கு எரிச்சல். “ரிட்டயர் ஆகியும் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வேலை போகலையா?”

ஏன் என்று அவளிடம் இதுவரை சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளில் மரக்காணம் பக்கம் எனக்கு வேலை. ஒரு மழைக்காலத்தில் உப்பளங்கள் எல்லாம் வெள்ளக்காடு. உப்பளத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் வாந்தி பேதி. அத்தனை குடும்பத்துக்கும் ஒரே கிணறு.

பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு சைக்கிளில் போனேன். கரைத்து ஊற்றினேன். க்ளோரின் இருக்கிறதா என்று பார்க்க ஆபீஸில் ஒரு மரப்பெட்டி உண்டு — கண்ணாடிக் குழாயும் ஒரு மருந்து பாட்டிலும். குழாயில் தண்ணீர் பிடித்து ஐந்தாறு சொட்டு விட்டால், க்ளோரின் இருந்தால் மஞ்சளாகும். அவ்வளவுதான் டெஸ்ட். நான் எடுத்துப் போகவில்லை. மேடு பள்ளமான பாதை, கண்ணாடி உடைந்தால் யார் பதில் சொல்வது? வாளியில் மொண்டு முகர்ந்தேன். க்ளோரின் நெடி காரமாக ஏறியது.

“அரை மணி கழிச்சு தாராளமா குடிங்க” என்றேன்.

அஞ்சலை என்ற பெண் நகரவில்லை. “மோந்து பாத்தாலே தெரிஞ்சிடுமா சார்?”

“பத்து வருஷ சர்வீஸ்மா...” என்று சிரித்தேன். யாரையாவது மட்டம் தட்ட வேண்டுமானால் நமக்கு முதலில் வருவது சர்வீஸ்தானே?

மூன்றாம் நாள் ஆள் வந்து சொன்னான் — அஞ்சலையின் புருஷன் ஏழுமலை போய்விட்டான். இன்னும் நான்கு பேர் படுக்கையில்.

இந்த முறை பெட்டியோடு போனேன். நான் விட்டுவந்த மூட்டையிலிருந்து தினமும் பவுடர் கரைத்து ஊற்றிய குடியிருப்பு ஆளைக் கேட்டேன். அதே மூட்டைதான், அதே அளவுதான் என்றான். அப்போதே கரைத்து மறுபடி ஊற்றச் சொன்னேன். அரை மணி காத்திருந்தேன். குழாயில் தண்ணீர் பிடித்து மருந்தைச் சொட்டினேன். ஒரு மஞ்சளும் இல்லை. வெறும் தண்ணீர்!

எங்கள் ஆபீஸில் கடற்காற்றில் மாதக்கணக்கில் வாய் திறந்து கிடந்த மூட்டை. வீரியம் போயிருந்தது. மிச்சமிருந்ததையும் வெள்ளச் சேறு தின்றுவிட்டது. கிணற்றைச் சுற்றியும் வாளியிலும் சிந்திய பவுடர்தான் அப்படி நாறியிருக்கிறது.

அஞ்சலை வந்து நின்றாள். பொய் சொல்லத் தோன்றியது. முடியவில்லை.

“தண்ணில பவுடர் மருந்தே நிக்கலைம்மா. நான் அன்னிக்கே டெஸ்ட் பண்ணியிருக்கணும்.”

அவள் அழவில்லை. குழாயையே பார்த்தாள்.

“நாத்தம் கொமட்டுது, வேணாம்னாரு சார். நான்தான்... சார் சொல்லிட்டாரு, குடின்னு வம்படியா குடிக்க வெச்சேன்.”

 

அன்றே ஜீப்பில் புது பிளீச்சிங் பவுடர் டிரம் வரவழைத்தேன். தண்ணீரில் க்ளோரின் நின்று மஞ்சள் காட்டும் வரை கிணற்றில் யாரையும் வாளி இறக்க விடவில்லை. அதன்பிறகு தினமும் காலையில் டெஸ்ட். அஞ்சலை தினமும் வந்தாள். குழாயைத் தன் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் மற்றவர்களை நோக்கித் தலையாட்டுவாள். அவர்களும் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்கள். படுத்திருந்த நால்வரும் எழுந்துவிட்டார்கள். வேறு சாவு இல்லை.

மேலிடத்துக்கு ரிப்போர்ட் அனுப்பினேன். இறப்புக்கான காரணம் என்ற இடத்தில் ‘காலரா’ என்று எழுதினேன்.

பாதி உண்மைதான் அது.