கோடி ரூபாய்க் காரில் பத்து நிமிடம்

கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையை ஒட்டிய கார் கிடங்கில் எனக்கு வேலை. கப்பலில் வந்து இறங்கும் கார்கள், வாங்கியவர் கைக்குப் போகும்வரை எங்களிடம் நிற்கும். தினமும் தூசி தட்டி, டயரில் காற்றுப் பார்க்க வேண்டும். மின்சாரக் கார் என்றால் உள்ளே உட்கார்ந்து சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். பத்தொன்பது வருடம் பிரஸ் ஷாப்பில் காருக்கு இரும்புத் தகடு அடித்தவனுக்கு இது ஓய்வு மாதிரிதான்.

போன வருடம் வந்த ஒரு மின்சாரக் காரின் விலை பல கோடி என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாலு சக்கரம், ஒரு ஸ்டீரிங். இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ டப்பு?" என்று டீக்கடையில் வாய் கிழியப் பேசினேன். எங்கள் சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே என் காதருகில் வந்து, "உள்ள சத்தமே இருக்காதுணா, அதுக்குத்தான் காசு" என்று கத்தினார்.

அப்படிக் கத்தினால்தான் எனக்குக் கேட்கும். பிரஸ் ஷாப்பில் காதுக்கு அடைப்பான் கொடுக்காமல் இல்லை. நாங்கள்தான் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். அச்சு தகட்டின் மேல் சரியாக உட்கார்ந்ததா, ஓரம் கிழிந்ததா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவோம்; அதில் எங்களுக்கு ஒரு திமிர். அதிகாரி வரும்போது மட்டும் நல்ல பிள்ளையாக மாட்டிக்கொள்வோம். அந்தத் திமிருக்குத்தான் காதைக் கொடுத்தேன்.

முழுச்செவிடு இல்லை. அமைதியான இடத்தில் பக்கத்திலிருந்து பேசினால் பிடிபடும். ஆனால் எங்கள் லைன் வீட்டுக்கு ஒரு பக்கம் லாரி, இன்னொரு பக்கம் ரயில். ஆஸ்பத்திரியில் கொடுத்த காது மெஷின் லாரியையும் சேர்த்துப் பெரிதாக்கியது, பீரோவில் வைத்துவிட்டேன். என்னிடம் எதைச் சொல்வதென்றாலும் என் மனைவி கத்தித்தான் ஆக வேண்டும். புதிதாகக் குடிவருகிறவர்கள் சண்டை என்று நினைத்து விலக்கிவிட ஓடி வருவார்கள். "ஒன்னுமில்லக்கா, ரசம் வேணுமான்னு கேட்டேன்" என்பாள்.

கல்யாணமான புதிதில் அவளுக்கு அப்படியொரு மெல்லிய குரல். பொன்னேரியில் வாடகைக்கு இருந்தோம். படுத்ததும் அன்றைய கதையெல்லாம் சொல்வாள். அவள் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, சந்தையில் எந்தக் கடைக்காரர் ஏமாற்றப் பார்த்தார், எல்லாம். நான் பாதியிலேயே குறட்டை விட்டுவிடுவேன். காது போன பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. அரிசி, கேஸ், மாத்திரை என்று கத்திச் சொல்லக்கூடியது மட்டும்தான் மிச்சம். அந்தக் குரலுக்கு எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன் தெரியுமா? அதை அவளிடம் சொன்னதில்லை. நான் வாயைத் திறந்தால் லைன் முழுக்கக் கேட்கும்.

முதல் நாள் அந்தக் காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். ரோட்டில் லாரிகளை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். கண்ணாடிக்கு வெளியே அவை போய்க்கொண்டுதான் இருந்தன. நான் செருமியது எனக்கே கேட்டது. தகடு அடிக்கிறவனுக்கு அத்தனை சத்தம், வாங்குகிறவனுக்கு இத்தனை அமைதியா என்று ஆத்திரம் வந்தது. ஆனாலும் கேட்ட விலை தகும் என்று அந்த நிமிடமே தோன்றிவிட்டது. ஒரே ஒரு தடவை அவளை இதில் உட்கார வைத்துவிட வேண்டும்.

வெளியாளை ஏற்றினால் வேலை போய்விடும். சூப்பர்வைசர் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேண்டுமென்றே சாப்பாட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். திட்டிக்கொண்டே எடுத்து வந்தாள். காரைக் காட்டியதும், "யார் ஊட்டுக் காரோ, இன்னாயா பேஜாரு இது!" என்று பின்வாங்கினாள். செருப்பைக் கழற்றச் சொன்னேன். குழம்பு வாசம் ஒட்டிக்கொள்ளும் என்று டிபன் பையை வெளியே வைத்தேன். சீட்டின் பிளாஸ்டிக் உறைமேல் ஓரமாக உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

"இங்கயா துன்னப் போற?" என்று கத்தினாள். அவள் சத்தத்தில் அவளே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மெதுவாவே பேசுமே. இங்க கேக்குது."

நம்பாமல் பார்த்தாள். பிறகு, உதட்டை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "நெசமாவா?" என்றாள்.

அதே குரல். கொஞ்சம் வயதாகியிருந்தது.

"கேக்குதுமே. அப்பல்லாம் ராத்திரில பேசுவியே, அந்த மாரி பேசு. நீதான் நிறுத்திட்ட."

"யாரு நிறுத்தனது?" என்றாள். "தெனமும் பேசிக்கினுதான் கீறேன். நீ படுத்தப்புறம் உன் காதாண்ட வந்து சொல்லுவேன். எங்கம்மா செத்த வருசம் பூரா பேசனேன். லாரி சத்தத்துல உனுக்குத்தான் கேக்கல."

"இன்னா பேசன? இப்ப சொல்லு."

சத்தமில்லாமல் போகும் லாரிகளைப் பார்த்தாள்.

"அதெல்லாம் அப்பவே சொல்லி முடிச்சிட்டேன்யா. வா, சோறு ஆறுது" என்று கதவைத் திறக்கச் சொன்னாள்.