சாப்பிட்டபின் ஒரு மாத்திரை

நியூசிலாந்தில் மருந்துக்கடைக்காரர்கள் மாத்திரை டப்பாவின் மேல் நம் பெயரை அச்சடித்து ஒட்டித் தருகிறார்கள். வந்த புதிதில் அது எனக்குப் பெரிய மரியாதையாகத் தெரிந்தது. எங்கள் தென்காசிப் பக்கம் சீர்ப் பாத்திரத்தில்தான் பெயர் வெட்டுவார்கள். இங்கே மாத்திரைக்கும் பெயர் உண்டே என்று முதல் டப்பாவைப் பூசை அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இந்த மருந்து இந்த ஆளுக்கு மட்டும், வேறொருவருக்குக் கொடுக்காதே என்பதற்காகத்தான் பெயர் போடுகிறார்கள் என்பது புரிய எனக்குப் பன்னிரண்டு வருஷமும் ஒரு குற்றாலச் சீசனும் ஆயிற்று.

நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆப்பிள் பெட்டி அடுக்கும் கொட்டகையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறேன். போன வருஷம் வலது முழங்கால் வீங்கிவிட்டது. டாக்டர் நேப்ராக்சென் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். வீக்கத்தையும் வலியையும் சேர்த்து அடக்குமாம். மருந்துக்கடையில் ஒரு இளம்பெண் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்க ஆரம்பித்தாள். வயிற்றில் புண் இருந்ததா, இதய நோய் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா, ஆஸ்துமா உண்டா. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட என்னை இவ்வளவு விசாரித்ததில்லை. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். காலை ஒன்று, இரவு ஒன்று, உணவோடுதான் போட வேண்டும் என்றாள்.

அன்றைக்குச் சஷ்டி விரதம். "இன்று வீட்டில் உணவு இல்லை" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. நாளைக்கு இருக்குமா என்று மெதுவாகக் கேட்டாள். நாளைக்கு உண்டு, கடவுள் தருவார் என்றேன். உள்ளே போய்த் தன் மதியச் சாப்பாட்டிலிருந்து ஒரு வாழைப்பழமும் இரண்டு ரொட்டித் துண்டும் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். இலவசமாக உணவு தரும் இடத்தின் விலாசத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். ரொட்டிக்குள் மீன் இருந்தது. விரதக்காரன் கையில் மீனோடு பேருந்தில் வீடு வந்தேன். அவள் நல்ல மனசு, பாவம். ஆனால் இந்தக் கூத்தில், அவள் சொன்னதில் உணவோடு போட வேண்டும் என்ற ஒன்று மட்டும் என் மண்டையில் பதிந்தது. மற்றக் கேள்வியெல்லாம் ரொட்டியோடு போயிற்று.

ஊரில் இந்தத் தொந்தரவெல்லாம் எனக்குப் பழக்கமில்லை. அங்கே ஒரு மெடிக்கலில் போய் நின்று இடுப்பைப் பிடித்தால் போதும். கடை அண்ணாச்சி ஏறிட்டுப் பார்த்து, "வேலைக்குப் போணுமா, படுத்துக்கிடலாமா?" என்று ஒரே கேள்விதான் கேட்பார். பதிலைப் பொறுத்து மூன்று நிற மாத்திரையைத் துண்டாக வெட்டிக் காகிதக் கவரில் போட்டுத் தருவார். யாருக்கு என்று கேட்கமாட்டார். வீட்டில் யாருக்கு வலித்தாலும் அந்தக் கவரைத்தான் தேடுவோம்.

என் முழங்கால் பத்து நாளில் தேறிவிட்டது. மிச்ச மாத்திரையைப் பத்திரமாக வைத்திருந்து, இந்தச் சீசனுக்கு ஊருக்குப் போனபோது பெட்டியில் எடுத்துப்போனேன். என் மனைவியின் அண்ணன் குத்துக்கல்வலசையில் இருக்கிறார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் போய்ச் சேர்ந்த இரவே அவரைப் பார்த்து சென்ட் பாட்டிலை நீட்டினேன். அதை ஓரமாக வைத்துவிட்டு, "அங்கன உள்ள வலி மாத்திர ஏதும் கொண்டாந்தியா மாப்ளே? இடுப்பு ஒடியுது" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆய்க்குடி கோவில் திருநீற்றை அவருக்குப் பூசிவிட்டு, பத்து மாத்திரையை எண்ணிக் கொடுத்தேன். "மச்சான், ரெண்டு வேள. சாப்பிட்டதும்தான் போடணும். வெறும் வயித்துல தொடவே கூடாது" என்று பெரிய டாக்டர் மாதிரி மூன்று தடவை சொன்னேன்.

மறுநாள் பகலில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தார். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா காப்பி தந்தபடி, "ஒம்ம மாத்திர நல்லா கேக்குது தம்பி. காலையில நெஞ்சுக்குப் போடுத மாத்திரையும் ஒம்ம மாத்திரையும் ஒரே தண்ணியில முழுங்கிட்டு, ஓடாத கொறையா போறாக" என்றாள்.

"நெஞ்சுக்கு என்ன மாத்திரக்கா?"

"ஸ்டென்ட் வச்சாகள்லா. ரத்தம் கட்டாம இருக்கதுக்கு."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். ஸ்டென்ட் வைத்தது எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டவனே நான்தான். கொடுக்கும் கைக்கு மட்டும் அது ஞாபகம் வரவில்லை. மருந்துக்கடைப் பெண்ணின் கேள்விகள் ஒவ்வொன்றாக இப்போது வரிசையில் வந்து நின்றன. போனை எடுத்தேன். மச்சானின் போன் பக்கத்து மேசையில் அடித்தது. "நனஞ்சிரும்னு வச்சிட்டுப் போயிட்டாக" என்றாள் அக்கா.

ஆட்டோ பிடித்து ஓடினேன். அருவியில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். துண்டு கட்டி எண்ணெய் பூசிய ஆண்களைப் பின்னாலிருந்து பார்த்தால் எல்லாரும் எனக்கு மச்சான்தான். வேறு வழியில்லாமல் "மச்சான்" என்று கத்தினேன். பன்னிரண்டு பேர் திரும்பினார்கள். அதில் ஒருவர், "எந்த ஊரு மாப்ள நீரு?" என்று அன்பாக விசாரித்தார். பேண்ட் சட்டையோடு நனைந்து நின்ற என்னைப் பார்த்து அங்கே காவலுக்கு நின்ற போலீஸ்காரர், "சாரே, குளிக்கணும்னா வரிசையில வாரும்" என்றார். குளிக்கவில்லை, ஒருவரைத் தேடுகிறேன் என்றேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியதால் அவர் நம்பவில்லை.

மச்சான் அருவியிலேயே இல்லை. புரோட்டாக் கடை பெஞ்சில் எண்ணெய்த் தலையோடு உட்கார்ந்து கடைசித் துண்டைச் சால்னாவில் தொட்டுக்கொண்டிருந்தார். இடது கையில் மாத்திரை.

"மச்சான், அதப் போடாதீங்க."

"ஏன்? நீதான சாப்பிட்டதும் போடச் சொன்ன?"

"ரெண்டு வேளன்னும் சொன்னேன்லா?"

"சாப்பிட்டதும்னு மூணு மட்டம் சொன்ன. ராத்திரி தோச தின்னேன், போட்டேன். காலையில இட்லி தின்னேன், போட்டேன். பஜ்ஜிக்குத்தான் கொஞ்சம் யோசிச்சேன், இது சாப்பாட்டுல சேத்தியா இல்லியான்னு. நாலு தின்னுட்டேன், அப்பம் சாப்பாடுதானேன்னு போட்டுட்டேன்."

மூன்று உள்ளே, ஒன்று கையில். மிச்சத்தைத் தாருங்கள் என்று கை நீட்டினேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "குடுத்தத திருப்பிக் கேக்கியே. அந்த ஊருல இதத்தான் படிச்சிக் குடுக்காகளா?" என்றார். கடையில் எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தப் பெண் கேட்டதையே அதே வரிசையில் கேட்டேன்.

"வயித்துல புண்ணு இருந்துதா?"

"இருந்துது. டூட்டியில நேரத்துக்குச் சாப்பாடு ஏது?"

"நெஞ்சு கோளாறு?"

"நீயே கூட இருந்து பாத்த மாதிரிதான வீடியோவுல அழுத."

"ரத்தம் உறையாம இருக்க மாத்திர?"

"ரெண்டு."

"ஆஸ்துமா?"

"சின்னதுல இழுக்கும். லே, என்ன, என்னையவே ஸ்டேஷன்ல வச்சி விசாரிக்க மாதிரி விசாரிக்க?"

நான் இல்லை இல்லை என்று சொன்ன அத்தனைக்கும் அவரிடம் உண்டு உண்டு என்று வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏழு மாத்திரையையும் என் ஈரக் கையில் வைத்துவிட்டு எழுந்தார்.

தென்காசியில் அவருக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவரும் அதே கேள்விகளைத்தான் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஆஸ்பத்திரி?" என்றார். ஆப்பிள் கொட்டகை என்று எப்படிச் சொல்வது? ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரையோடு இது சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம், வெளியே தெரியாது என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்து, வயிற்றுக்கு மருந்து கொடுத்து, மாலை வரை படுக்க வைத்தார். நெஞ்சு மாத்திரையை நிறுத்தக் கூடாது, இடுப்பு வலிக்கு என்ன போடுவதென்று தன்னிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்றார். பத்து நாளைக்குக் கவனியுங்கள், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, தலை சுற்றினாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வாருங்கள் என்றார்.

டாக்டர் போனதும் மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்தார். நாலு ஊர் ரவுடிகளைப் பார்த்த கை அது. "மாப்ளே, போயிருவனோ?" என்றார். முருகா என்று சொல்ல வாயெடுத்தேன். அவனை அழைக்கவும் கூசியது. திருநீறு பூசிய அதே கையால்தானே கொடுத்தேன்.

மூன்றாம் நாள் எனக்கு விமானம். அதனால் போனில் ஏற்பாடு செய்துகொண்டோம். அங்கே விடியற்காலை ஐந்தரை, இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். கொட்டகையில் மணி அடித்ததும் மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது நான் மச்சானை அழைப்பேன். எந்த மாப்பிள்ளையும் எந்த மச்சானிடமும் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்பேன். "இரு, இன்னும் போவல" என்பார். சில நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டே போவார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும். "மஞ்சளா இருக்கு மாப்ளே" என்று குரல் வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். பக்கத்தில் உட்காரும் மாவோரி இனத்துக்காரர், ஊரில் எல்லாரும் நலமா என்று தினமும் கேட்கிறார். மஞ்சள் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அது எங்கள் மதத்தில் நல்ல நிறம் போல என்று நினைத்து அவர் மரியாதையாகத் தலையசைத்தார்.

டாக்டர் சொன்னது பத்து நாள். இரண்டு மாதம் ஆகிறது. மச்சான் நன்றாக இருக்கிறார், ஒரு நாளும் கறுப்பாகப் போகவில்லை. ஆனாலும் நான் அழைக்கிறேன், அவரும் சொல்கிறார். இங்கே ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவில் கையில் சோற்று டப்பாவோடு நிற்பவன் நான்தான். குத்துக்கல்வலசையில் ஒரு கக்கூஸ் கதவுக்கு வெளியே, இன்னும் விடியாத வாசலில், உள்ளிருந்து குரல் வரக் காத்து நிற்பவனும் நான்தான்.