மனிதர் பார்த்துவிட்டார்

"அக்கா, நல்ல வக்கீல் யாரையாச்சும் தெரியுமுங்களா?"

போன சனிக்கிழமை காலை, எங்கள் கோந்த்வா அப்பார்ட்மென்ட் வாசலில், காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடி நிர்மலா கேட்டாள். கையில் கொத்தமல்லிக் கட்டு. முகத்தில் ரத்தமே இல்லை.

மூன்றாவது மாடிப் பெண். கோயம்புத்தூர்க்காரி. கல்யாணமாகி இந்த மராட்டிய ஊருக்கு வந்தவள். எனக்கு என்ன தோன்றும்? புருஷனோடு தகராறு என்று நானே முடிவு கட்டி, அவளை ஓரமாக இழுத்துப் போனேன்.

"அய்யோ, அவரு தங்கமுங்க. இது ஆபீஸ் விஷயம்."

அவள் கம்பெனிக்கு வேலை என்னவென்றால், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வரும் விண்ணப்பங்களை ஏஐ வைத்துச் சலித்துக் கொடுப்பது. ஐரோப்பாவில் இப்போது ஏஐ-க்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு வேலை உண்டா இல்லையா என்பதை மெஷின் கையில் மட்டும் விடக் கூடாது, ஒரு மனிதர் மேற்பார்வை பார்க்க வேண்டுமாம். நல்ல சட்டம்தானே? அப்படித்தான் நானும் சொன்னேன்.

"அந்த மனுசி நாந்தானுங்க" என்றாள்.

டெஸ்டிங் டீமில் நிம்மதியாக இருந்தவளை இழுத்து வந்து உட்கார வைத்துவிட்டார்கள். ஏஐ ஒரு முடிவு சொல்லும்... இவள் பார்த்து 'சரி' என்று தட்ட வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் கீழே இவள் பெயர்.

ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் சரி, சரி, சரி. ஆடிட்டர் வந்தார். "ஒன்றில்கூடவா உங்களுக்கு வேறு கருத்து இல்லை? நிஜமாகவே பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். மேனேஜருக்கு உதறல். அன்றைக்கே டார்கெட் வைத்துவிட்டார் — வாரத்துக்கு இத்தனை முடிவுகளையாவது மாற்றியே ஆக வேண்டும். நம் கம்பெனிகளிடம் எதைக் கொடுத்தாலும் டார்கெட் ஆக்கிவிடுவார்கள். மனசாட்சியைக் கொடுத்தாலும்!

"நேத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் டார்கெட்டுக்கு ஒண்ணு குறைஞ்சுதுங்க்கா. கம்பெனி பஸ் வேற கிளம்பற நேரம். ஏஐ வேண்டாம்னு சொன்ன ஆளை நான் வேணும்னு மாத்துனா, மெஷின் எப்படித் தப்பு பண்ணுச்சுன்னு கிளையன்ட் நோண்டுவாங்க. பெருசா ரிப்போர்ட் எழுதோணும். வேணும்னு சொன்ன ஆளை வேண்டாம்னு மாத்துனா... யாருமே கேக்க மாட்டாங்க."

"அதனால?"

"ஒருத்தரை வேண்டாம்னு போட்டுட்டேனுங்க. அம்பது வயசு இருக்கும். நடுவுல கொஞ்ச நாள் வேலையில்லாம இருந்திருக்காரு. அதையே காரணமா எழுதிட்டேன். அவரு கேஸ் போட்டா என்னையத்தானுங்களே பிடிப்பாங்க?"

எனக்கும் பயம் வந்தது. அவளுக்காக இல்லை.

பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியில் என் கணவரை நான் வாராத வாரம் குறைவு. கொஞ்ச காலமாக வாருவதில்லை, கவனித்தீர்களா? ரஞ்சன்காவ் ஃபேக்டரியில் அவர் இருந்த பிரிவையே மூடிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதர். தினமும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, டைனிங் டேபிளில் உட்கார்ந்து விண்ணப்பம் போடுகிறார். 'இல்லை' என்று மெயில் வந்தால், இருவரும் சேர்ந்து மெஷினைத் திட்டிவிட்டுக் காபி குடிப்போம். பயத்தை அப்படித்தான் சமாளித்துக்கொண்டிருந்தோம்.

இதெல்லாம் நிர்மலாவுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

"வக்கீல் அப்புறம். முதல்ல அந்த மனுஷன் பேரைத் திருப்பிப் போடு" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. காய்கறிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் லிஃப்டில் அவளைப் பார்த்தேன். திருத்திவிட்டாளாம். அந்த ஆளுக்கு மெயில் போவதற்குள் பிடித்துவிட்டாள். அப்பாடா!

"மேனேஜர் திட்டினாரா?"

"இல்லீங்க்கா. 'டென்ஷன் மத் லோ', கவலைப்படாதேன்னாரு. அப்புறம்... கணக்குல ஒண்ணு குறையுதே, பதிலுக்கு யாரைப் போடலாம்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

மூன்றாவது மாடி வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனாள்.

வீட்டுக்குள் நுழைந்தால், ஆச்சரியமாகக் கணவர் முகத்தில் லேசான தெம்பு.

"இந்தத் தடவையும் இல்லேன்னுட்டாங்க. ஆனா இங்க பாரேன்... 'உங்கள் விண்ணப்பத்தை ஒரு மனிதர் நேரடியாகப் பரிசீலித்தார்'னு போட்டிருக்கான். மெஷின் தூக்கிப் போடலை. மனுஷங்க பார்த்திருக்காங்க. அதுவே ஒரு மரியாதைதானே?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் காபி போட எழுந்து போனதும் மெயிலை எட்டிப் பார்த்தேன். ஸ்பாமில் கிடந்திருக்கிறது. வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

அது நிர்மலாவின் கம்பெனி சம்பந்தப்பட்டது இல்லை, வேறு ஏதோ ஒன்று. ஆனால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாக் கம்பெனிக்கும் உண்டே!