மாவ்பி ஓடையில் தமேன் கட்டி நின்றவர்

கல்யாணமான புதிதில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இருந்த ஒரே வழக்கு விரால் மீனைப் பற்றியது. அவர் ஊரிலிருந்து கப்பலேறி ரங்கூனுக்கு வந்தவர், ரயில்வேயில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் வீட்டில் கால் தரிக்காது. தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி மாவ்பிக்குப் போய், வயல்களுக்கு நடுவே ஓடும் ஓடையில் இறங்கி நிற்க வேண்டும். என்னையும் அழைத்துப் போவார். ஆசையில் என்று நினைத்துவிட வேண்டாம். பர்மிய மொழி அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது, நான் ரங்கூனிலேயே பிறந்தவள். ஓடையைக் குத்தகைக்கு எடுத்திருந்த பர்மியரோடு பேச அவருக்கு ஒரு வாய் தேவைப்பட்டது.

அந்த வாய்க்குக் கரையில்தான் இடம். எனக்கோ தண்ணீரில் இறங்கியே தீரவேண்டும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன்.

"சேலையோட எப்படி இறங்குவ? ஆறு கஜமும் தண்ணி குடிச்சா உன்னையத் தூக்க ஆள் வேணும். பேசாம உக்காரு புள்ள" என்பார்.

பேசாமல் உட்கார்ந்து ஒரு வருஷம் வேடிக்கை பார்த்தேன். சித்திரையில் ஓடை முழங்காலுக்கு வற்றிவிடும். விரால் கரை வேர்களுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், இவர் நட்டநடு ஓடையில் விளக்குக் கம்பம் போல் நிற்பார். ஆடி மழையில் ஓடை எது வயல் எது என்று தெரியாது. சிவப்புக் குஞ்சுகள் மேலே கொப்பளித்தால் அடியில் தாய் விரால் காவல் இருக்கிறது என்று அர்த்தம். இவர் அந்தக் குஞ்சுகளுக்குள்ளேயே காலை வைப்பார். தையில் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். மீன் இவரைப் பார்க்கும், இவர் மீனைப் பார்ப்பார், அத்தோடு சரி. சாயங்காலம் கூடையில் கெளுத்தி இரண்டு கிடக்கும். அதை வைத்துக்கொண்டு தெருவில் அவர் நடக்கிற நடையைப் பார்க்க வேண்டுமே.

சேலைதான் தடை என்றால் சேலையை விட்டால் போயிற்று என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பர்மியக்காரி தயவில் ஒரு தமேன் வாங்கினேன். அங்கே பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் துணி அது. சிவப்பு நிறம், கீழே பூக்கள், மேலே கறுப்புப் பட்டி. சமயம் பார்த்துக் கேட்கலாம் என்று அவருடைய கைலிகளோடு மடித்து ஒளித்து வைத்தேன். அவருக்கு எதையும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன், தானாகப் பெட்டியைத் திறக்கிற பழக்கமே கிடையாது.

ஐப்பசி முடிந்து தண்ணீர் வடியத் தொடங்கிய ஒரு ஞாயிறு, நான் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்த அவசரத்தில் அவரே துணியை எடுத்துப் பையில் திணித்திருக்கிறார். மாவ்பியில் வேட்டியைக் கழற்றி மாற்றப் புதருக்குப் பின்னால் போனார். வெளியே வந்தபோது என் தமேனைக் கட்டியிருந்தார். பூவெல்லாம் முழங்காலைச் சுற்றிப் பூத்திருந்தது. அவருக்கு மூட்டிய துணியெல்லாம் கைலிதானே.

சொல்லத்தான் வாயெடுத்தேன். அவரோ "புதுசு எடுத்து வச்சிருக்க, சொல்லவே இல்ல" என்று மெச்சிக்கொண்டே தண்ணீரில் இறங்கிவிட்டார். மெச்சுகிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

வலை இழுத்துக்கொண்டிருந்த ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகக் கரையேறினார்கள். இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார்கள். குத்தகைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பெண்ணின் தமேன் பட்டால் ஆணின் மகிமை போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. கொடியில் காயும் தமேனுக்குக் கீழே குனிந்துகூடப் போகமாட்டார்கள். இங்கே ஒருவர் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு நிற்கிறார்.

குத்தகைக்காரர் பர்மிய மொழியில் என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, உன் புருஷன் ஏறுனாத்தான் என் ஆளுங்க இறங்குவாங்க. பொம்பளைங்க தமேனோட ஓடைக்குக் கீழ்ப்பக்கம் எறா பிடிக்கிறாங்க, அதுல ஒண்ணும் இல்ல. துணி யாருதோ அவங்க கட்டிக்கிட்டு இறங்கட்டும்."

கடைசி வாக்கியத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"என்னவாம்?" என்றார் இவர், இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி.

"நீங்க கட்டியிருக்கிறது பொம்பளைத் துணியாம். நீங்க ஏறணுமாம். அது யாருதோ அவங்கதான் இறங்கணுமாம்."

"யாருது?"

"என்னோடதுங்க."

ஒரு சொல்கூட நானாகச் சேர்க்கவில்லை. அவர் குனிந்து பூக்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்கிறவர்களைப் பார்த்தார். பிறகு புதருக்குப் போய் வேட்டிக்கு மாறினார். வீடு திரும்ப இருந்தது அந்த ஒரு வேட்டிதான், அதனால் கரையில் உட்கார்ந்தார். ஈரத் தமேனைக் கட்டிக்கொண்டு, அவர் தூண்டிலோடு நான் இறங்கினேன்.

சேறு விரலிடுக்கில் குளிர்ந்தது. எனக்கு அழுகை வரும் போலிருந்தது, அவ்வளவு சந்தோஷம். காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தேன், தண்ணீர் கலங்கவில்லை. முள்ளில் கோத்த தவளையை அல்லி இலை ஓரமாகத் தத்தவிட்டேன். மூன்றாவது இலையில் தண்ணீர் வெடித்தது. மூங்கில் வளைந்த வளைவில் நானே முன்னால் சாய்ந்தேன்.

"விடாத புள்ள, விடாத" என்று கத்திக்கொண்டே அவர் வேட்டியோடு தொப்பென்று குதித்தார். இரண்டு கையாலும் மீனை அணைத்துக் கரையில் போட்டார். என் முழங்கை நீளத்துக்கு மேல் இருந்தது.

திரும்பும் ரயிலில் அவர் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. எதிரே எங்கள் தெரு மளிகைக்கடை ராவுத்தர். கூடைக்குள் எட்டிப் பார்த்தவர் கண்ணை விரித்தார். "பெரிய விராலால்ல இருக்கு. எங்க பிடிச்சீங்க?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஈர வேட்டியே அவருக்குச் சாட்சி சொல்லும், மீன் இனி அவருடையது என்று முடிவு கட்டிவிட்டேன்.

"வீட்ல பிடிச்சது" என்றார் அவர்.

"வீட்ல பிடிச்ச மீனை எதுக்கு ரயில்ல கொண்டு போறீங்க?"

"அட, வீட்லன்னா இவங்க" என்று என் பக்கம் தாடையைக் காட்டினார். ராவுத்தர் என்னை ஒரு தரம், மீனை ஒரு தரம் பார்த்தார்.

ஸ்டேஷனில் இறங்கினோம். கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டே இவர் சொன்னார். "அடுத்த ஞாயித்துக்கிழமை துணியை நீயே எடுத்து வை புள்ள. உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."