முதுகில் தெரியாத கொழுப்பு

தீபாவளிக்கு முந்தின வாரம், பதுளை சந்தைக்குப் பின்னால் செம்மறி ஆடுகள் விற்கும் இடத்தில் ஒருவரைப் பார்த்தேன். காது மறைக்கும் கம்பளித் தொப்பி, உழைத்துத் தடித்த கைகள். தேயிலைத் தோட்டத்தில் அவர் இருக்கும் லயத்தின் வரிசை வீடுகள் எல்லாம் சேர்ந்து வாங்கும் ஒரே ஆட்டை வெட்டிக் கூறு போடுபவர் அவர்தானாம். ஒவ்வோர் ஆட்டின் முதுகெலும்பு ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

கடைசியில், எலும்பு தட்டிய ஒரு நாட்டு ஆட்டை விட்டுவிட்டு, முதுகில் எலும்பே தட்டாத ஒரு கொழுத்த கலப்பு ஆட்டைப் பிடித்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்த நாட்டு ஆடு ஒல்லியா இருக்கே. அதுல கொழுப்புக் கொறைவா இருக்காதா?"

"நானும் அப்படித்தாங்க போன தீவாளிக்கு ஏமாந்தேன். முதுகு எலும்பா இருந்துச்சு. வெட்டிப் பாத்தா அம்புட்டுக் கொழுப்பும் உள்ள, குடலச் சுத்தி இருக்கு. எல்லாக் கூறுலயும் கறி கொறைஞ்சு போச்சு. லயத்துப் பொம்பளைங்க ஒரு வாரம் எங்கூடப் பேசல."

"அப்ப இது?"

"இந்த ஜாதி தோலுக்கடியில வைக்கும், அது கறியோடயே கூறுக்கு வந்துரும். கைக்குத் தெரிஞ்சுரும். நாட்டு ஆடு உள்ள ஒளிச்சு வைக்குமுங்க."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வாறேங்க" என்று என் முதுகில் தட்டினார். தட்டிய கை உடனே விலகவில்லை. கட்டைவிரல் என் முதுகெலும்போரம் ஒரு கணம் அழுந்தியது.

"ஒல்லியாத்தான் இருக்கீங்க" என்றார், கொஞ்சமும் நம்பாத குரலில்.