பிஞ்சுச் சுரைக்காய் நிறம்

கோரிப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் பட்டறையில், அப்பாவின் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டுப் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார் பெயிண்டர் பாய். முதலில் சாம்பல் நிறம் உரிந்தது. அது பரவையில் ஒரு கல்யாண மண்டபத்து கேட்டுக்கு அடித்தது போக மிஞ்சியது. அதன் கீழே நீலம், மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை ஷட்டருக்கு வாங்கியது. அதற்கும் கீழே கோயில் சுவர்க் காவி.

"என்னம்மா இது, ஸ்கூட்டரா, இல்ல ஊர்ல உள்ள சொவரெல்லாம் ஒட்டிக்கிட்டு வந்துருச்சா?" என்றார் பாய்.

அப்பா பரவை காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்கியவர். இரண்டு பேர் ஓட்டித் தள்ளிய பிறகு அந்த ஸ்கூட்டரை வாங்கினார். எங்கே யார் பெயிண்ட் அடித்தாலும், டப்பாவின் அடியில் கிடப்பதைக் கேட்டு வாங்கி வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியை நிறுத்தி, சுவருக்கு அடிக்கும் பிரஷால் இழுப்பார். பிரஷ் முடிகள் பெயிண்டோடு ஒட்டிக் காய்ந்துபோகும். மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அவருக்கு முன்னால் நின்றுகொண்டு போகும்போது, அந்த முடிகளை நகத்தால் பிடுங்கிக்கொண்டே போவேன். என் தலைக்கு மேலே அவர் குரல் வந்துகொண்டே இருக்கும். "இதெல்லாம் இப்போதைக்குத்தான் தாயி. ஒரு நா ஸ்ப்ரே அடிப்போம் பாரு, காருக்கு அடிக்கிற மாதிரி. அதுல மொகம் பாத்துத் தலை சீவலாம்."

அந்த ஒரு நாள் வருவதற்குள், மார்க்கெட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஸ்கூட்டர் சுவரோரம் தார்ப்பாய்க்குள் போனது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். இப்போது ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு வாய்க்காத ஸ்ப்ரேயை அடித்தே தீருவது என்று கிளம்பியபோது, அரைகுறையாக எதையும் செய்யக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். பழைய வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்களின் வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். தகரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். நெளிசலைத் தட்டி எடுத்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். கடைசியில், கம்பெனியிலிருந்து என்ன நிறத்தில் வந்ததோ அதே நிறத்தை அடிக்க வேண்டும். அதில்தான் எல்லாரும் கறாராக இருந்தார்கள்.

அந்த நிறம் பெட்ரோல் டேங்குக்கு அடியில் கிடைத்தது. அடர்ந்த மெரூன். யாரும் பார்க்காத இடத்தில், பிரஷ் எட்டாத இடத்தில், புத்தம் புதிதாக இருந்தது.

"மெரூன் அடிச்சுட்டா மாப்பிள்ளை கணக்கா நிப்பான்," என்றார் பாய். எனக்கும் மனம் நிறைந்திருந்தது.

பிரைமர் அடித்து முடித்த அன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எலும்புக்கூடு மாதிரி நின்ற வண்டியை அம்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"என்ன கலரு அடிக்கப் போற?"

"மெரூன்மா. அதுதான் ஒரிஜினல்."

"அது எவனோ வாங்குன கலரு. ஒங்கப்பா கைக்கு வரும்போதே வேற கலரு, அவரு அதைக் கண்ணால கண்டதே இல்ல." மட்கார்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவரு கேட்டது பிஞ்சுச் சுரைக்கா கலரு."

பாய் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "இது பெயிண்ட்டுப் பட்டறைம்மா. சாம்பாரு வைக்கிற எடமில்ல."

அம்மா சிரிக்கவில்லை. மார்க்கெட்டுக்குச் சுரைக்காய் லோடு வருகிற நாட்களில் அப்பா ஒன்றை வீட்டுக்கு எடுத்து வருவாராம். அம்மாவிடம் கொடுப்பதற்கு முன்னால் அதை ஸ்கூட்டரின் மேல் வைத்துக் காட்டுவாராம். "நல்லாப் பாத்துக்க. இந்தக் கலருதான் அடிக்கப் போறேன்." ஒவ்வொரு தடவையும் இதையே சொல்வாராம்.

அந்த ஸ்கூட்டரைப் பற்றி அப்பா சொன்னதெல்லாம் எனக்குத்தான் சொன்னது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தச் சுரைக்காய்கள் எல்லாம் கூட்டாகி என் தட்டுக்கு வந்திருக்கின்றன. பிடிக்கவில்லை என்று நான் ஒதுக்கியும் வைத்திருக்கிறேன்.

வீடியோக்களில் வந்தவர்கள் இருந்ததைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். இந்த நிறமோ வண்டியில் ஒரு நாளும் இருந்ததில்லை. அப்பாவின் வாயில் மட்டும்தான் இருந்தது. மெரூன் வேண்டாம் என்று பாயிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் விடியும்போது அம்மாவும் நானும் பரவை மார்க்கெட்டில் இருந்தோம். அம்மா ஒவ்வொரு சுரைக்காயாக எடுத்தாள், பார்த்தாள், திரும்பப் போட்டாள். "எல்லாம் கை பட்டது. சொணை போயிருச்சு." பிஞ்சின் மேல் பூத்திருக்கும் அந்த மெல்லிய பூனைமுடி போன்ற சுணை போனால் நிறமே வேறாகிவிடுமாம்.

"யக்கா, காயி வாங்க வந்தியா, இல்ல மருமக பாக்க வந்தியா?" என்றார் கடைக்காரர்.

"மருமகளைக் கூட இம்புட்டுப் பாக்க மாட்டேண்ணே," என்று அம்மா அடுத்த குவியலுக்குப் போனாள்.

கடைசியில் கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு தோட்டத்துக்கே போய், பந்தலில் தொங்கியதைக் காம்போடு அறுத்து வாங்கி, ஈரத்துண்டில் சுற்றி, என் வண்டியை நான் ஓட்ட அம்மா மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பெயிண்ட் கலக்கும் கடையில் நிறத்தை அளக்கும் ஒரு மெஷின் இருந்தது. நான் அதைத்தான் நம்பியிருந்தேன். ஆனால் அதைச் சமமான பரப்பில் வைத்து அழுத்தினால்தான் வேலை செய்யும். சுரைக்காயின் வளைவில் வைத்தபோதெல்லாம் ஒவ்வொரு எண்ணைக் காட்டியது. "காயைத் தட்டையா வளத்துக் கொண்டாங்க," என்றார்கள் கடையில்.

பிறகு பாயே கலக்க உட்கார்ந்தார். தகரத் துண்டுகளில் தடவி ஒவ்வொன்றாகக் கொடுத்தார். சேலைக்கு மேட்சிங் பிளவுஸ் எடுக்கும்போது துணியோடு கடைவாசலுக்கு ஓடுவாளே, அதே மாதிரி அம்மா ஒவ்வொரு தகரத்தையும் சுரைக்காயையும் எடுத்துக்கொண்டு தெரு வெயிலுக்குப் போனாள்.

"இது பீர்க்கங்கா."

"சரி, இது?"

"முத்தல். உள்ள வெதை இருக்கும்."

பாய் பிரஷைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். காம்புப் பக்கம் பச்சை கூடுதலா இருக்கு. அடிப்பக்கம் வெளுத்துருக்கு. ஒங்க வீட்டுக்காரரு எந்தப் பக்கத்தைக் கேட்டாரு?"

அம்மாவின் முகம் மாறியது.

"அதைக் கேக்கலையே பாய்," என்றாள். "எங்க போயிரப் போறாருன்னு இருந்துட்டேன்."

அம்மா சுரைக்காயைக் காம்பைப் பிடித்துத் தூக்கினாள். பிரைமர் அடித்த வண்டியின் பக்கவாட்டில் அதன் வயிற்றைச் சாய்த்து வைத்தாள். "இப்பிடித்தான் வச்சுக் காட்டுவாரு." அப்பாவின் கை அப்படித்தான் இருந்திருக்கும். காம்பு அவர் உள்ளங்கைக்குள் மறைந்திருக்கும். பாய் குனிந்து, தகரத்தில் பட்ட இடத்தை உற்றுப் பார்த்தார். டப்பாவில் வெள்ளையைக் கொஞ்சம் கூட்டினார்.

அடுத்த துண்டை அம்மா வெயிலில் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். "இதுவாத்தான் இருக்கணும்," என்றாள்.

தூசி எழும்பாமல் இருக்கப் பட்டறைத் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, காற்று அடங்கும்வரை காத்திருந்து பாய் ஸ்ப்ரே அடித்தார். முன் மட்கார்டில் மட்டும் ஆரஞ்சுத் தோல் மாதிரி பொரிப்பொரியாக விழுந்திருந்தது. நான் காட்டினேன்.

"கண்ணா அது, பூதக்கண்ணாடியா?" என்று முணுமுணுத்தபடி அதை மறுபடி தேய்த்து, மறுபடி அடித்தார். அதன் மேல் கிளியர் கோட்டும் அடித்தபோது, மேலே ஓடிய மின்கம்பி வண்டியில் தெளிவாகத் தெரிந்தது. தலை சீவலாம். நான் என் முகத்தை அதில் பார்க்கவில்லை.

பிரித்த பாகங்களைப் பூட்டி, எஞ்சினையும் ஓட வைத்த பிறகு, பெயிண்ட் நன்றாக இறுகும்வரை கையைக் காலை உரசக் கூடாது என்று சொல்லித்தான் பாய் வண்டியைக் கொடுத்தார். அம்மா பின்னால் ஒருபக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்து, வண்டியில் படாமல் சேலையை மடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். திண்டுக்கல் சாலையில் கொஞ்ச தூரம் போனதும் என் தோள் பக்கம் குனிந்தாள்.

"கொஞ்சம் வெளுத்துருச்சோ?"

"நீதானம்மா பாத்துச் சொன்ன."

"சொன்னேன்... அவரு இருந்தா இந்நேரம் ஒரு கொறை சொல்லியிருப்பாரு."

"என்ன சொல்வாரு?"

"ஏண்டி, சுரைக்கா கேட்டா சுண்ணாம்பைக் கலந்து வச்சுருக்கீகன்னு சொல்வாரு." குரலை அவரைப் போலவே கரகரப்பாக்கியிருந்தாள். "பெறகு, அந்த பாயி எம்புட்டுப் பெயிண்ட்டை மிச்சம் வச்சான், டப்பாவை ஏன் வாங்கிட்டு வரலைம்பாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கண் எரிந்தது. கியரைக் குறைத்து வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நீ தள்ளு, நான் ஓட்டுறேன்னு ஒன்னையப் பின்னால ஒக்காரச் சொல்வாரு."

எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடம் வந்தது. நான் திரும்பவில்லை. அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை.

"அப்புறம் என்னம்மா சொல்வாரு?" என்றேன்.